பன்னிரண்டாம் மனையைப் பார்த்தவர்கள்

“நம்பரைத் தப்பா அடிச்சிட்டு எங்கிட்ட சத்தம் போடாத! கண்ணாடியப் போட்டுக்கிட்டு அடி!”

“போட்டுக்கிட்டுத்தான்க்கா அடிச்சேன். மூணு தடவை அடிச்சாச்சு. நீங்க சொன்ன பன்னெண்டுதான். வர்றதுதான் வரும். நான் என்ன பேனாவாலயா எழுதறேன்?”

“அப்போ உன் கம்ப்யூட்டர் பொய் சொல்லுது.”

“அது பொய் சொல்லாது. மெதுவா வேணா சொல்லும்.”

தெருமுனை நகல் கடையில் அப்போது நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான்கு பேருக்கும் வந்த வேலை முடிந்து பத்து நிமிஷம் ஆகிவிட்டது, ஒருவரும் நகரவில்லை. கடைக்காரனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவாக இருந்தாலும் தெருவுக்கு அவன் ஜெராக்ஸ்தான். அவனிடம் கத்திக்கொண்டிருந்தவள் தையல்காரி. முப்பது வருஷமாக வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு, இந்தத் தெருவில் பாதிப் பேருடைய இடுப்பளவை மனப்பாடமாக வைத்திருப்பவள். அளவு நாடா எப்போதும் கழுத்தில் தொங்கும். மெஷினைவிட வாய் வேகம் என்று சொல்வார்கள், அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுகொண்டு.

அவள் தேடி வந்தது ஏழு அங்குலம். பக்கத்து வீடு அவளுடைய மூத்தார் வீடு, அதாவது புருஷனுடைய அண்ணன் வீடு. இரும்புக்கடைக்காரர். கடை வளர வளர வீடும் வளர்ந்து மூன்று மாடி ஆனது. மூன்றாவது மாடி எழும்பியபோது அதன் சன்ஷேடு இவள் பக்கம் நீட்டிக்கொண்டு வந்தது. மழை பெய்தால் அந்தத் தண்ணீர் முழுக்க இவள் முன்னறைத் தகரக் கூரையில் கொட்டும். மெஷின் சத்தம்கூடக் கேட்காது. தையல்காரி ஏணி போட்டு ஏறித் தன் நாடாவாலேயே அளந்தாள். ஏழு அங்குலம். அன்றைக்கு ஆரம்பித்தது, பதினோரு வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. பேச்சுதான் இல்லையே தவிர ஏச்சுக்குக் குறைவில்லை. வாசல் கூட்டும்போது சுவரைப் பார்த்து ஏசுவாள், தெருநாயைப் பார்த்து ஏசுவாள். யாரைப் பார்த்து ஏசினாலும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு அது போய்ச் சேர்ந்துவிடும்.

போன மாதம் மாடியில் காயப் போட்ட போர்வையிலிருந்து தண்ணீர் சொட்டி, இவள் வெட்டி வைத்திருந்த கல்யாணப்பெண் ரவிக்கைத் துணி பாழானது. அவ்வளவுதான். “சர்வேயரைக் கூப்பிட்டு அளக்கறேன்! ஆன்லைன்ல எடுத்து, கையில காகிதத்தோட வர்றேன்! எங்க இடத்துல எத்தனை அங்குலம் திருடியிருக்கீங்கன்னு தெருவுக்கே காட்டறேன்!” என்று கத்திவிட்டு, அதே சூட்டில் ஜெராக்ஸ் கடைக்குப் போய் அளவைக்கு விண்ணப்பமும் போட்டாள். வருகிற வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து அளப்போம், உரிமைப் பதிவின் நகலை எடுத்து வையுங்கள் என்று போனில் செய்தி வந்தது. அந்த நகலை எடுக்கத்தான் வெள்ளிக்கிழமை வந்திருந்தாள்.

திரையில் பன்னிரண்டாம் மனை வந்தது. நீளம் சரி, அகலம் சரி, தெரு சரி. உரிமையாளர் என்ற இடத்தில் மட்டும் அவள் புருஷன் பெயர் இல்லை. மூத்தார் பெயர் இருந்தது, தகப்பன் பெயரோடு, எழுத்துப் பிழைகூட இல்லாமல்.

ஏழு அங்குலம் தேடி வந்தவளுக்கு நிற்கிற தரையே போய்விட்டது.

அதுவரை தெருக்கோடிவரை கேட்ட குரல் சட்டென்று இறங்கியது. “இதை… யாரு வேணா பார்க்கலாமா?”

“யாரு வேணா பார்க்கலாம்க்கா. நம்பர் தெரிஞ்சா போதும். கீழ பாருங்க, எத்தனை தடவை பார்த்திருக்காங்கன்னுகூட வரும்.”

பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்தது: பார்வைகள் 3.

“அது நாமதான். மூணு தடவை அடிச்சோமில்ல.” பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஜெராக்ஸ் குரலைத் தாழ்த்தினான். “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா.”

போன தடவை அவன் அப்படிச் சொன்னது வாத்தியார் வீட்டு விவாகரத்து நோட்டீஸுக்கு. நகல் எடுத்த சூடு ஆறுவதற்குள் அது பால்காரன்வரை போயிருந்தது. திரும்பிப் பார்த்தாள். நான்கு பேரும் ஒரே சமயத்தில் தங்கள் போனை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் புருஷன் வந்தார். பள்ளிக்கூட பஸ் டிரைவர்; பகலெல்லாம் நாற்பது பிள்ளைகள் கத்துவதைக் கேட்டுவிட்டு வருகிறவர், வீட்டில் வாயைத் திறப்பதே சாப்பிடத்தான். செருப்பைக் கழற்றவும் விடாமல் கேட்டாள்.

“ஏங்க, இந்த வீடு யார் பேர்ல இருக்கு?”

“நம்ம பேர்லதான்.”

“பார்த்தீங்களா?”

“அப்பா சொன்னாரு. ரெண்டு மனை வாங்கினாரு. உனக்கொன்னு, அவனுக்கொன்னுன்னாரு.”

“சொன்னதுக்குக் காகிதம்?”

“அண்ணன் பீரோவுல இருக்கும். ரெண்டு பத்திரமும் அங்கதான் வச்சாரு.”

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பத்திரத்தைக் கேட்க வேண்டுமென்றால் பேச வேண்டும். பேசாமல் இருப்பதுதான் பதினோரு வருஷக் கௌரவம். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த தாளை அவர் கையில் வைத்தாள். டிரைவர் இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை வாய்க்குள் படித்தார்.

“ரெண்டையும் தன் பேர்ல எழுதிக்கிட்டாரு” என்றாள்.

“அண்ணன் அப்படிச் செய்யற ஆளில்ல.”

“ஏழு அங்குலம் எடுத்தவரு எழுபதடி எடுக்க மாட்டாரா?”

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவளுக்குக் கேட்டுவிட்டு மேலே யோசிக்கத் தைரியம் இல்லை. மூத்தாருக்குத் தெரிந்தே இத்தனை வருஷம் சும்மா இருந்தாரா? அப்படியானால் எந்த நாளுக்காகக் காத்திருக்கிறார்? ஒருவேளை தெரியாது என்றால், வியாழக்கிழமை சர்வேயர் வந்து நடுத்தெருவில் நின்று படித்துச் சொல்லிவிடுவார். அந்தச் சர்வேயரை வரவழைத்தது யார்? இவளேதான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையைக் கேட்டிருக்கிறாள். பூதத்துக்கு விண்ணப்பம் போட்டு நாள் குறித்து வரவழைத்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

இருக்கிறது மொத்தம் இரண்டு அறை, ஒரு அடுப்படி, தகரம் போட்ட முன்னறை. அந்த முன்னறை போனால் மெஷினை எங்கே போடுவது? மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. ‘சொந்த வீடு’ என்று சொல்லித்தான் பேசினார்கள். இனிமேல் போய் என்ன சொல்வது? இதற்கெல்லாம் மேலாக, பதினோரு வருஷமாகச் சுவரைப் பார்த்து ஏசியது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. திருடன் என்றாள். அடுத்தவன் மண்ணில் கை வைத்தவன் விளங்க மாட்டான் என்றாள். அடுத்தவன் மண்ணில் அடுப்பு வைத்துச் சோறு பொங்கிக்கொண்டே சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் சனிக்கிழமை. மகள் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் உட்காருகிறவள். போனில் எதையும் கண்ணை மூடித் திறப்பதற்குள் எடுத்துவிடுவாள். வேலைக்குக் கிளம்பும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். உரிமையாளர் பெயர் ராத்திரியோடு ராத்திரியாக மாறிவிடவில்லை. அடியில்தான் மாறியிருந்தது.

“அம்மா, பார்வைகள் ஒன்பது.”

“நாலுதானே வரணும்? ஜெராக்ஸ் மூணு, நீ ஒன்னு.”

“ஆமா.”

“மீதி அஞ்சு யாரு?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள்தான் முதலில் பேசினாள். “பெரியப்பா வீட்டு நம்பரையும் போட்டுப் பார்த்துடலாமா? பதினொன்னு. ஒரு நிமிஷம்.”

தையல்காரி அவள் கையில் பட்டென்று தட்டினாள். “தொடாத! நீ பார்த்தா அங்கயும் கீழ நம்பர் ஏறும். நாம தோண்டறோம்னு தெரிஞ்சு போயிடும்.”

“யாரு பார்த்தாங்கன்னு பேர் வராதும்மா.”

“பேர் எதுக்குடி? அவங்க வீட்டைத் தோண்டறதுக்கு இந்தத் தெருவுல என்னை விட்டா வேற ஆளா இருக்கு?”

அந்த ஒரு தடவை அந்தப் பெண்ணை விட்டிருந்தால் ஐந்து நாள் பயம் மிச்சமாகியிருக்கும். விடவில்லை. தன் மனையை மட்டும் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை திறந்து பார்க்கச் சொன்னாள். பார்க்கப் பார்க்க அவள் பார்ப்பதும் கணக்கில் ஏறும் இல்லையா? அதனால் தாங்கள் பார்த்ததைத் தையல் சாக்கட்டியால் கதவின் பின்பக்கம் கோடு போட்டு வைத்து, கழித்துப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மொத்தம் இருபத்தாறு. இவர்களுடையது பத்து. மீதி பதினாறு.

பதினாறு தடவை பார்க்கிற அளவுக்கு அந்த இரண்டு அறையில் என்ன அழகு கொட்டிக் கிடக்கிறது? வாங்க வருகிறவன்தான் அப்படிப் பார்ப்பான் என்று முடிவுக்கு வந்தாள். மூத்தார் வீட்டை விலை பேசிவிட்டார், உள்ளே இருக்கிற தங்களோடு சேர்த்து. அன்று சாயங்காலம் ஹெல்மெட் போட்ட ஒருவன் எதிரில் பைக்கை நிறுத்தி, வீட்டை மேலும் கீழும் பார்த்தான். அவள் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, ஊசித் துவாரம் அளவு இடுக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவன் வாத்தியார் வீட்டுக்குப் பீட்சா கொண்டு வந்தவன். கதவு ஒரு மணி நேரம் முழுக்கத் திறக்கவில்லை என்று ரவிக்கை வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் போனார்கள்.

ராத்திரி டிரைவர் மெல்லச் சொன்னார். “நான் வேணா போய் அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கட்டுமா?”

“கேட்டு? ‘ஆமா என்னுதுதான், காலி பண்ணு’ன்னா என்ன செய்வீங்க? கேக்காதவரைக்கும்தான் இது நம்ம வீடு.”

திங்கட்கிழமை நில அலுவலகத்துக்குப் போனாள். விண்ணப்பத்தையே வாபஸ் வாங்கிவிட்டால் சர்வேயர் வரமாட்டார். சர்வேயர் வராவிட்டால் பழையபடி யாருக்கும் தெரியாமல் காலம் ஓடும். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்று ஜன்னலை அடைந்தாள். உள்ளே இருந்த அம்மாள் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

“மனை எண்?”

“பன்னெண்டு. அளக்க வேண்டாம். எல்லாம் சரியாப் போச்சு. வாபஸ் வாங்கிக்கறேன்.”

“நில உரிமையாளர் கையெழுத்து வேணும்.”

“விண்ணப்பம் போட்டது நாந்தாங்க.”

“போடறது யாரு வேணா போடலாம். வாபஸ் வாங்க உரிமையாளர் கையெழுத்து போடணும்.” அந்த அம்மாள் திரையைப் பார்த்து மூத்தாரின் பெயரைப் படித்தாள், நாலு வரிசைக்கும் கேட்கிற குரலில். “இவர் உங்களுக்கு என்ன வேணும்?”

“வேண்டியவர்தான்” என்றாள் தையல்காரி.

“அப்புறம் என்ன? ஒரு கையெழுத்துதானே, வாங்கிட்டு வாங்க. அடுத்தது!”

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு நடந்ததை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். மாடிவீட்டுக்காரி, அதாவது தையல்காரியின் ஓரகத்தி, பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் வாசலைத் தாண்டி, தன் பக்கத்து வாசலில் ஏறினாள். கையில் ஒரு பெரிய பை. தையல்காரி மெஷினிலிருந்து எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

“வாங்கக்கா.”

“இருக்கட்டும்மா, இருக்கட்டும். நீ உக்காரு.”

“நீங்க உக்காருங்க.”

“உன் வீட்டுல நீ நிக்கறப்ப நான் எப்படி உக்கார்றது?”

‘உன் வீட்டுல’ என்ற சொல் முள்ளாகக் குத்தியது. வேண்டுமென்றேதான் சொல்கிறாள் என்று தையல்காரி நினைத்தாள். இருவரும் நின்றார்கள்.

“திரைச்சீலை தைக்கணும்” என்றாள் ஓரகத்தி. “வெளிய குடுக்கறதைவிட நம்ம ஆளுகிட்ட குடுக்கலாம்னு… எத்தனை நாள் ஆனாலும் பரவால்ல. எவ்வளவு கேக்கறியோ கேளு.”

“உங்ககிட்டப் போய் கேப்பனாக்கா? சும்மாவே தைச்சுத் தர்றேன்.”

“ஐயோ, சும்மா வேணாம். சும்மா எதுவும் வேணாம்.”

சொல்லிக்கொண்டே அந்த அம்மாளின் கண் முன்னறையைச் சுற்றி வந்தது. சுவர், தகரம், கதவு, கதவின் பின்னால் சாக்கட்டிக் கோடுகள். கோடுகளில் ஒரு கணம் நின்றது. இடத்துக்கு மதிப்புப் போடுகிறாள். இந்தச் சுவரை இடித்தால் அங்கேயிருந்து இங்கேவரை கார் நிறுத்தலாம் என்று பார்க்கிறாள். பதினோரு வருஷமாகச் சுவரோரம் நின்று முறைத்தவள் இப்போது குழைகிறாள் என்றால், வெட்டப்போகிற ஆட்டுக்கு இலை காட்டுகிற நேரம் வந்துவிட்டது.

“பொண்ணுக்குக் கல்யாணம்னு கேள்விப்பட்டேன்” என்றாள் ஓரகத்தி.

“உங்க ஆசீர்வாதம்க்கா.”

“எங்களுக்கும் இருக்கறது ஒரே பையன்தான். எல்லாத்தையும் அவனுக்காகத்தான் கட்டினோம்.” பையின் பிடியை முறுக்கினாள். “மனசுல எதுவும் வச்சுக்காதம்மா.”

பையை வைத்துவிட்டு, வந்ததைவிட வேகமாகப் போனாள். பைக்குள் துணி இருந்தது. எத்தனை ஜன்னல், என்ன அளவு என்ற விவரம் எதுவுமே இல்லை. முப்பது வருஷத் தொழிலில் அளவு சொல்லாமல் துணி கொடுத்துவிட்டுப் போனவர்கள் யாருமில்லை. தையல்காரி அந்தப் பையைத் தொடவே பயந்து, காலால் ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

புதன்கிழமை காலை ஆறரை மணிக்குச் சுவர் அதிர்ந்தது.

டமார், டமார் என்று மேலிருந்து சம்மட்டி விழும் சத்தம். தகரத்தில் கல் உதிர்ந்தது. அடுப்படியில் பாத்திரம் குதித்தது. தையல்காரி குளித்த ஈரத்தலையோடு வெளியே ஓடிவந்தாள். “இடிக்கறாங்க! ஏங்க, எழுந்திரிங்க, வீட்டை இடிக்கறாங்க! ஏய், மெஷினைத் தூக்குடி!” என்று அலறினாள். மகள் மெஷினின் தலையைக் கட்டிக்கொண்டாள். டிரைவர் தலையணையோடு வந்து நின்றார். தெருவே கூடிவிட்டது.

மூன்றாவது மாடியில் சாரம் கட்டி இரண்டு கொத்தனார்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இடித்தது சன்ஷேடை. சரியாக ஏழு அங்குலம். கீழே இரும்புக்கடைக்காரர் நின்று, “இன்னும் ஒரு அங்குலம் சேத்தே வெட்டுப்பா, குறைய வேணாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி மனைவியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். தம்பியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். பல் தெரிந்தது, மற்றபடி அது சிரிப்பில்லை.

பதினோரு வருஷம் எதற்காகத் தொண்டை கிழியக் கத்தினாளோ அது கண்ணெதிரே துண்டு துண்டாக விழுந்தது. தையல்காரிக்கு ஒரு துளிச் சந்தோஷம் வரவில்லை. மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளப் போகிறவன்தான் ஏழு அங்குலத்தை இப்படித் தாராளமாக விட்டுக்கொடுப்பான். அன்று அவள் ஒரு தையல் போடவில்லை. கோடு போடவும் இல்லை. மகள் மட்டும் ஒரு தடவை பார்த்துச் சொன்னாள்: அறுபத்திரண்டு.

வியாழக்கிழமை பத்து மணிக்குச் சர்வேயர் வந்தார். கூர்மையான மூக்கும் வெயிலுக்குக் கட்டின துணித்தொப்பியுமாக ஒரு அம்மாள். தோளில் முக்காலி, கையில் வரைபடம். நிழலில் இருந்தவர்கள் வெயிலுக்கு வந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். ஜெராக்ஸ் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான். ஒரு பக்கம் டிரைவர், தையல்காரி, மகள். மறுபக்கம் இரும்புக்கடைக்காரரும் அவர் மனைவியும். நடுவில் உடைந்த சிமெண்ட் கட்டிகள்.

அந்த அம்மாள் முக்கால் மணி நேரம் அளந்தார். சுவரில் சிவப்பு மையால் மூன்று இடத்தில் புள்ளி வைத்தார். கடைசியில் வரைபடத்தைத் தான் வந்த காரின் மேல் விரித்தார்.

“எல்லை சரியா இருக்கு. யாரும் யார் பக்கமும் வரல. கையெழுத்து போடணும். பன்னெண்டாம் மனை உரிமையாளர் வாங்க.”

டிரைவர் பழக்கத்தில் ஓரடி வைத்தார். தையல்காரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். சர்வேயரம்மா பெயரைப் படித்தார், தெளிவாக. மூத்தாரின் பெயர்.

முடிந்தது என்று தையல்காரி நினைத்தாள். எதிரே பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்தபடி நின்றாள். வரப்போகிற வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

வார்த்தை வரவில்லை. இரும்புக்கடைக்காரர் அசையவே இல்லை.

“சரி, அவர் அப்புறம் போடட்டும். பதினொன்னாம் மனை?” என்று அடுத்த வரிக்குப் போனார் சர்வேயரம்மா. மூன்று மாடியைக் கையால் காட்டிவிட்டு, டிரைவரின் பெயரைப் படித்தார்.

கூடியிருந்தவர்கள் மூன்று மாடியையும் டிரைவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“தப்பா இருக்கும்” என்றார் டிரைவர். “நான் இந்த வீடு.”

“நீங்க எந்த வீட்டுல இருக்கீங்கன்னு எனக்குத் தெரியாது சார். காகிதத்துல அந்த வீட்டு நிலம் உங்களுது. இந்த வீட்டு நிலம் உங்க அண்ணனுது. மாத்திக் கட்டியிருக்கீங்க.”

ஓரகத்தி அப்போதுதான் உடைந்தாள். வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, “தெரியும்! எங்களுக்குத் தெரியும்! போன மாசம் நீ காகிதத்தோட வர்றேன்னு கத்தினியே, வெள்ளிக்கிழமை நீ நகல் எடுக்கப் போனேன்னதும் என்னதான் இருக்குன்னு ராத்திரி இவரு ஆன்லைன்ல பார்த்தாரு. அன்னியிலேருந்து சோறு எறங்கலம்மா. நாங்க ஒரு தடவை பார்த்தா நீ ரெண்டு தடவை பார்க்கற. பார்வை ஏறிக்கிட்டே போகுது. கதவு பின்னாடி கோடு வேற போட்டு வச்சிருக்க!” என்றாள்.

“அது… நீங்களா?”

“வேற யாரு? வக்கீல் வச்சுப் பார்க்கறீங்கன்னு இவரு சொன்னாரு.”

இரும்புக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தம்பியிடம் பேசுவதா காற்றிடம் பேசுவதா என்று தெரியாமல் பேசினார். முதலில் கட்டியது அவருடைய வீடுதான், அவர் கல்யாணத்துக்கு முன்னால். மேஸ்திரி வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பன்னிரண்டுக்குப் பதில் பதினொன்றில் அஸ்திவாரம் தோண்டிவிட்டார். சுவர் இடுப்பளவு எழும்பிய பிறகுதான் அப்பாவுக்கு உறைத்தது. இடித்துக் கட்ட வசதியில்லை. ‘ரெண்டும் என் பிள்ளைங்களுக்குத்தானேடா, பத்திரத்தை மாத்தி எழுதிட்டாப் போச்சு’ என்றார். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லி ஒரு நாளைக்குப் போய்ச் சேர்ந்தார். “எழுதிட்டாருன்னே நெனச்சேன்டா. பீரோவைத் திறந்து படிச்சது போன வாரம்தான்.”

தையல்காரி நிமிர்ந்தாள். மூன்று மாடி. டைல்ஸ் பதித்த முகப்பு, மேலே இரண்டு தண்ணீர்த் தொட்டி, கீழ்வீட்டுக் குடித்தனம். அத்தனையும் தன் புருஷன் மண்ணில். அவள் முதுகு நேரானதை எல்லோரும் பார்த்தார்கள். பதினோரு வருஷ வாய்க்கு இதைவிட ஒரு நாள் கிடைக்காது. தெருவே ஒரு காலை முன்னால் வைத்துக் காத்திருந்தது.

ஓரகத்தி கேட்டைப் பிடித்திருந்தாள். பிடித்த பிடியில் நகமெல்லாம் வெளுத்திருந்தது. “கேட்டா நாங்க எங்கம்மா போவோம்?” என்றாள், தையல்காரிக்கு மட்டும் கேட்கிற குரலில்.

ஆறு நாளாகத் தன்னைத் தூங்கவிடாத அதே கேள்வி அடுத்தவள் வாயிலிருந்து வந்தது. தையல்காரிக்கு அழுகை வரும்போலிருந்தது, அதைக் காட்டிக்கொள்ளும் ஆளா அவள்?

“அக்கா, அந்த மூணு மாடி ஏறி எறங்க என் முட்டிக்கு ஆகாது. நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு என் தகரத்தைக் குடுத்துடுங்க.”

தெருவுக்கு ஏமாற்றம்தான். சர்வேயரம்மா கடிகாரத்தைப் பார்த்து, “அதுக்குப் பரிவர்த்தனைப் பத்திரம்னு இருக்கு. உன்னுது எனக்கு, என்னுது உனக்குன்னு ரெண்டு பேரும் ஒரே நாள்ல எழுதிக்கலாம். சீக்கிரம் எழுதிக்கோங்க” என்றார்.

சொல்வது எளிது. பதிவுக்கு நாள் கிடைக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் மனசு மாறிவிடுமோ என்று இவளும், இவள் மனசு மாறிவிடுமோ என்று அவளும் ஒருவரை ஒருவர் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்தார்கள். காலையில் டிபன், மாலையில் டீ, இடையில் உடம்பு எப்படி இருக்கு என்று விசாரிப்பு. திரைச்சீலைகள் அளவெடுத்து, தைத்து, மாட்டியும் ஆனது. சிரித்துச் சிரித்து இருவருக்கும் தாடை வலித்தது. பதிவு அலுவலகத்துக்கு ஒரே காரில் போனார்கள். இரண்டு பத்திரமும் நடுவில் மகள் மடியில். யார் முதலில் கையெழுத்துப் போடுவது என்று பத்து நிமிஷம் யாரும் பேனாவைத் தொடவில்லை. கடைசியில் அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பேனா வாங்கி ஒரே சமயத்தில் போட்டார்கள். வெளியே வந்ததும் தையல்காரி படியிலேயே உட்கார்ந்து, முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். ஓரகத்தி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

அடுத்த மூன்று மாதத்தில் மகள் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு வேலை ரயிலில் இரண்டு நாள் தூரத்தில். பெண் அங்கேயே ஒரு பல் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். ஜெராக்ஸ், மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த நர்ஸைக் கட்டிக்கொண்டான். அவள் வாயைத் திறக்காத ரகம், அதனால் தெருவுக்கு அந்த வீட்டுச் சங்கதி ஒன்றும் தெரிவதில்லை. இரும்புக்கடைக்காரருக்கும் மனைவிக்கும் காகிதம் கைக்கு வந்த பிறகும் அந்த வீட்டில் தூக்கம் வரவில்லை. கால் வைக்கிற இடமெல்லாம் யாரோ கேட்கப் போகிற இடம் மாதிரி இருக்கிறது என்று அந்த அம்மாள் சொன்னாளாம். வருஷம் முடிவதற்குள் விற்றுவிட்டு மகன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்கள். டிரைவரும் தையல்காரியும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். போன கோடையில் அவள் ஓரகத்தியைப் பார்க்க ஒரு வாரம் என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வர இருபது நாளானது.